அம்மாவின் பால்குடத்தில் வந்த கடல்

சிலிபின், ஈப்போ
5.3.1978

அன்புத் தங்கை மங்களத்துக்கு,

உன் பல்கலைக்கழகப் பாசிச் சோதனைக்கு நீ கேட்ட பங்கோர்த் தீவுக் கடல்நீரை லாரிக்கார அர்ச்சுனனிடம் கொடுத்திருக்கிறேன். எங்கள் ஜெலாப்பாங் முலாம் பட்டறையின் கழிவுநீரும் ஒரு போத்தல் இருக்கிறது.

“பாசி செத்துச்சுன்னா பட்டறைய மூடிருவாங்கடா. அப்புறம் நீயும் நானும் பாசி விக்க வேண்டியதுதான்” என்றார் பட்டறையில் என்னோடு வேலை செய்யும் மாயாண்டி அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் அண்ணிக்கு ஆறாம் மாதம்.

அண்ணன்,
கார்த்திகேசு

பினாங்கு
28.3.1978

அன்புள்ள அண்ணே,

பாசியின் வித்துகள் கண்ணாடிச் சில்லில் ஒட்டி முளைக்க வேண்டும். பட்டறை நீர் கலந்த தொட்டியில் ஒன்றும் முளைக்கவில்லை. வெறும் கடல்நீரிலும் முளைக்கவில்லை. அதனால் பட்டறையைக் குறைசொல்ல முடியாது என்று எங்கள் பேராசிரியர் அறிக்கை எழுதப்போகிறார்.

ஆனால் வளர்ந்த பாசி இரண்டிலும் நன்றாகவே இருக்கிறது. கடல்நீரை எதில் மொண்டீர்கள்?

மங்களம்

ஈப்போ
3.4.1978

அன்புத் தங்கைக்கு,

பட்டறை தப்பியது என்று மாயாண்டி அண்ணன் ஆட்டுக்கறி விருந்தே வைத்துவிட்டார். “ஒன் தங்கச்சி படிப்புதான்டா நம்ம சோறு” என்கிறார்.

அம்மா தைப்பூசத்துக்குப் பால் எடுக்கும் செப்புக்குடத்தில்தான் மொண்டேன். புளி போட்டுத் தேய்த்தேன். அர்ச்சுனன் வரும்வரை அதிலேயே மூடி வைத்திருந்தேன். அதைவிடச் சுத்தமான பாத்திரம் நம் வீட்டில் ஏது?

கார்த்திகேசு

பினாங்கு
8.4.1978

அன்புள்ள அண்ணே,

குடத்தின் செம்பு உப்புநீரில் கரைந்திருக்கிறது. அண்ணி விழுங்கும் மாத்திரையைப் பிறந்த பிள்ளைக்குக் கொடுப்போமா? வளர்ந்த பாசி தாங்கியதை முளை தாங்கவில்லை.

கடல்நீரில் முளையைக் கொன்றது நம் குடம். பட்டறை நீரும் கொல்லுமா என்பது இன்னும் தெரியாது. பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். அறிக்கையை நிறுத்தி வைத்திருக்கிறார்.

பிளாஸ்டிக் டின்னில் மறுபடி கடல்நீர் வேண்டும். அதில் முளைத்து, பட்டறை நீர் கலந்ததில் முளைக்காவிட்டால் பழி பட்டறைக்குத்தான். வேறு ஆளை அனுப்பலாம். உங்களுக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை. உங்கள் வேலை எனக்கு மறக்கவில்லை, அண்ணே.

மங்களம்

ஈப்போ
24.4.1978

மங்களம்,

உன் கடிதத்தைப் பத்து நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். அண்ணி துவைக்க எடுத்தபோது படித்துவிட்டாள். “மொளைச்சா வேல போயிருமாங்க?” என்று கேட்டாள். போனாலும் போகும் என்றேன். சட்டையைத் தண்ணீரில் முக்கினாள். பிறகு, “புது டின்னா வாங்குங்க. பழசுல எண்ண வாட அடிக்கும்” என்றாள்.

நேற்று பங்கோருக்குப் போய் நானே மொண்டேன். அர்ச்சுனன் கொண்டு வருகிறான். மாயாண்டி அண்ணனிடம் நானே சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

அடுத்த மாதம் வளைகாப்பு. முளைத்தாலும் முளைக்காவிட்டாலும் நீ வர வேண்டும். பந்தியில் உன் பக்கத்தில் யாரும் உட்காராவிட்டால் நான் உட்காருகிறேன்.

அண்ணன்,
கார்த்திகேசு