மயானத்து ஓரக் கல்

மண்ணுக்குள் இருக்கும் என் அன்பின் அப்பாவுக்கு,

கனடாவின் வடகோடியில், யூக்கொன் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூருக்குப் போய் வந்தேன். உங்கள் பேத்திதான் அழைத்துப்போனாள். நூறு வருடங்களுக்கு முன் தங்கம் தேடி வந்தவர்கள் கட்டிய ஊர். தங்கம் குறைந்ததும் பெரும்பாலோர் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன மரவீடுகளுக்கு இன்றும் சாயம் பூசிக் காப்பாற்றுகிறார்கள்.

ஒரு குடிலைக் காட்டினார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி. நான்கு பேர் இரண்டு பனிக்காலம் இதற்குள் வாழ்ந்ததாக வழிகாட்டிப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அதே அளவு லயத்து அறையில், தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டில், நாம் ஏழு பேர் எத்தனை வருடம் இருந்தோம், அப்பா?

பிறகு அந்தக் காலச் சட்டத்தை விளக்கினாள். எந்த நாட்டிலிருந்து வந்தவனும் முளைக்கட்டை அறைந்து, அதில் தன் பெயரை எழுதிப் பதிந்துகொண்டால், அந்தத் துண்டில் தோண்டும் உரிமை அவனுக்கு. முன்பே அங்கிருந்த மக்களைக் கேட்டார்களா என்று விசாரித்தேன். கேட்கவில்லை என்றாள்.

எழுபதுகளில் இலங்கை அரசின் காணிச் சீர்திருத்தத்தில், மாத்தளை யட்டவத்தப் பக்கம் நாம் வேலை செய்த தோட்டத்தைத் துண்டு போட்டபோது, சர்வேயருக்கு அளவுச் சங்கிலி பிடித்து எல்லைக்கல் நட்டவர் நீங்கள். பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த நான், காணி பெறுவோரின் சிங்களப் பட்டியலை உங்களுக்காக வாசித்தேன்.

"நம்ம பேரு இருக்கா?"

"இல்லப்பா. பிரஜாவுரிமை இருக்கிறவங்களுக்கு மட்டுந்தானாம்."

அந்தத் தோட்டத்திலேயே பிறந்தும் பிரஜாவுரிமை மறுக்கப்பட்டவர் நீங்கள். மறுநாள் காலை, நீங்கள் நட்டு, மழையில் சாய்ந்திருந்த மயானத்து ஓரக் கல்லை, யாரும் சொல்லாமலே நிமிர்த்தி நட்டீர்கள். பக்கத்து வீட்டுப் பெரியநாயகம் மாமா கேலி செய்தார்.

"ஊருக்கெல்லாம் கல்லு நட்டியே சவரி, ஒனக்கு ஒரு துண்டு அளந்துக்கலையா?"

"எனக்கு ஆறடி அளக்குறப்ப நீ வந்து சங்கிலியப் புடி."

லயமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்காக அந்தக் கல்லை நிமிர்த்தினீர்கள்? அதற்காக உங்களை மன்னிக்க முப்பது வருடங்கள் எனக்குப் போதவில்லை.

இரண்டு வருடத்தில் உங்களைப் புதைத்தோம். இடத்தை அளந்தவர் பெரியநாயகம் மாமாதான்.

யூக்கொனில் அந்தச் சுற்றுலாவின் முடிவில் ஒரு விளையாட்டு. ஆளுக்கொரு கட்டை கொடுத்து, பெயர் எழுதி அறையச் சொன்னார்கள். நான் உங்கள் பெயரைத் தமிழில் எழுதினேன். உங்கள் பெயரா என்று அந்தப் பெண் கேட்டாள். என் அப்பாவுடையது, அவர் இதைவிட நேராக நடுவார் என்றேன். ஞாபகப்பொருளாகப் பிடுங்கிக்கொண்டு போகலாம் என்றாள்.

அறைக்கு வந்து மாத்தளையிலிருக்கும் தங்கச்சியை அழைத்து, உங்கள் கல்லறையைப் பார்த்து வரச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் பேசினாள்.

"சிலுவையக் காணோம் அண்ணே. மயானம் பூரா மொளகு நட்டிருக்காங்க."

"அப்ப, எடத்துக்கு அடையாளமே இல்லையா?"

"மறந்துட்டீங்களா? ஓரக் கல்லுலேருந்து மூணு எட்டு தள்ளித்தானே அப்பாவ வச்சோம். அந்தக் கல்லு மட்டும் அப்படியே நேரா நிக்குது."

தொலைபேசியை வைத்துவிட்டு, பிடுங்கி வந்த கட்டையைப் பெட்டிக்குள் எடுத்து வைத்தேன்.

யுத்தம் முடிந்துவிட்டதாக அறிவித்திருக்கிறார்கள். யுத்தம் நடந்தபோதும் மாத்தளைக்கு வழி அடைபட்டிருக்கவில்லை. வராதிருந்தவன் நான். கல்லறைத் திருநாளுக்கு முன் வருவேன். உங்கள் கல்லிலிருந்து மூன்று எட்டு அளந்து, உங்கள் பெயர் எழுதிய இந்தக் கட்டையை அறைவேன். யார் பிடுங்கினாலும் மறுபடியும் அறைவேன். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று சிரிக்காத உங்கள் மூத்த மகன்,
அந்தோனி