அது ஜெபம் இல்லை

பிளசி அப்பாவுக்கு,

ரசம் அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். நெற்றித் தையலில் தண்ணீர் படக்கூடாது. பிளசியை ஸ்கூலில் விட்டுவிட்டு நான் மண்டிக்குப் போகிறேன்.

நேற்று நான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது சாப்பாட்டு ஜெபம் இல்லை. கோபம் வந்தால் முறுக்கு டப்பாவையே காலி பண்ணுகிறேன் என்று, சுகர் பார்க்கும் நர்ஸம்மா சொல்லிக்கொடுத்த பயிற்சி. ஒரு முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, மூச்சைக் கவனித்து, நிஜமாகவே பசிக்கிறதா என்று உள்ளே பார்க்க வேண்டும்.

பார்த்தேன். பசியே இல்லை. காலையில் தக்காளி மண்டியில் அத்தனை பேர் முன்னால், "இவ ஏறுனா சின்ன யானை வண்டி டயரே வெடிச்சிரும்"னு சிரித்தீர்களே, அந்த வாய்தான் தெரிந்தது. அதைக் கிழிக்கக் கை துடித்தது. மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியும் வந்தது.

அப்போதுதான் நீங்கள் வந்து, ஜெபம் என்று நினைத்து, "ஆமென்" சொல்லி, என் கையில் இருந்த முறுக்கை எடுத்துக் கடித்தீர்கள். எவர்சில்வர் டப்பாவை வீசிவிட்டேன். ரத்தத்தைப் பார்த்தும் எனக்குப் பாவமாக இல்லை.

யார் கேட்டாலும் வழுக்கி விழுந்ததாகச் சொல்லாதீர்கள். பொண்டாட்டி அடித்தாள் என்றே சொல்லுங்கள்.

இசபெல்லா

மாத்திரை ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது, சாப்பிட்ட பிறகு போடுங்கள்.

இன்னொன்று. இத்தனை வருஷம் உங்கள் மேல் வந்த கோபத்தையெல்லாம் முறுக்கைக் கடித்துத்தான் தீர்த்துக்கொண்டேன். இனி முறுக்கு கிடையாது. பார்த்துப் பேசுங்கள்.