ஆங்கிலத்தில் ஒரு தென்கரையார்

அத்தான்,

அக்கா வீட்டில் இன்று சொதி. தேங்காய்ப்பாலும் இஞ்சியும் சேர்ந்து கொதிக்கிற வாசம் தெருமுனையிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது. கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற குழம்பை, நினைத்த நாளெல்லாம் வைக்கச் சொல்லிக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் திதி முடிந்த மறுநாள் அக்கா அதை வைத்தே தீருவாள். நானும் கூப்பிடாமலே போய் உட்கார்ந்துவிடுவேன். இன்று இலை போட்டதும், சோற்றுக்கு முன்னால் செல்போனை நீட்டினாள்.

“தம்பி, இங்கிலீஷ் பேப்பர்ல அவுக பேரு வந்திருக்காம். குடும்பக் குரூப்புல போட்டிருக்காவ. என்னன்னு படிச்சுச் சொல்லு.”

குரூப்பில் கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளும் வரிசை கட்டி நின்றன. அவர்களில் ஒருவர்கூடப் படிக்கவில்லை என்பது எனக்கு இரண்டாவது பத்தியில் தெரிந்துபோயிற்று. அது ஏதோ ஒரு புதுப்படத்தின் விமர்சனம். அதில் வருகிற கல்யாண விருந்துக் காட்சியைத் ‘தென்கரையன்’ என்று எழுதியிருந்தான் அந்த மனிதன். தென்கரையார் என்ற உங்கள் குடும்பப் பெயருக்கு, ‘அந்த மாதிரி’ என்று பொருள் தருகிற ஆங்கில வால் ஒன்று முளைத்திருந்தது. பெயருக்குப் போடுகிற பெரிய எழுத்துகூட இல்லை. மேசை, நாற்காலி என்று எழுதுவதைப் போலச் சின்ன எழுத்தில் போட்டிருந்தான்.

நம்பமுடியாமல் மேலும் தேடினேன். வேறு படங்கள், வேறு விமர்சனங்கள், அதே சொல். யாருக்கும் உதவாத ஆடம்பரம், படத்தையே முக்கிவிடுகிற வீண் தாராளம், இதுதான் அர்த்தம். ஓரிடத்தில் ஒருவர், இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தார். ‘ஏதாவது ஊர்ப் பெயராக இருக்கும்’ என்று இன்னொருவர் பதில் போட்டிருந்தார். அத்தான், நீங்கள் ஒரு ஆள் என்பதே அங்கே யாருக்கும் தெரியவில்லை.

கல்லூரியில் இத்தனை காலம் ஆங்கிலம் நடத்தினேன். யாரோ ஒரு பிரபுவின் பெயர் சாண்ட்விச் ஆகி இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லி, வருஷா வருஷம் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தவன் நான். அந்தப் பிரபுவுக்கும் ஒரு மச்சினன் இருந்திருப்பான் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

நீங்கள் கைக்காசைப் போட்டு எடுத்த அந்த ஒரே படத்தின் விருந்துக் காட்சியில் நானும் இருந்தேனே. சீவலப்பேரி ஆற்றங்கரையில் பந்தல் போட்டு, ஊர்ச்சனத்தையே வரிசையாக உட்கார வைத்தீர்கள். சினிமா விருந்தில் இலையில் இருப்பதைத் தொடக்கூடாது என்று சென்னைக்காரர்கள் சொன்னார்கள். நீங்களோ சமையல்காரரைக் கூட்டிவந்து நிஜமாகவே சொதி வைத்து, இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் பரிமாற வைத்தீர்கள். முதல் ஷாட் முடிந்ததும் டைரக்டர் எல்லாரையும் எழுந்திருக்கச் சொன்னார். இலையை மாற்ற வேண்டுமாம். யாரும் எழுந்திருக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த பெரியவர், பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்த்தார்.

“பந்தியில உக்காந்தவங்கள பாதியில எழுப்பக்கூடாது வே. பைய சாப்புடட்டும். பெறவு எடுத்துக்கலாம்” என்றீர்கள்.

சாப்பிட்டு, பாயசம் குடித்து, ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் வெயில் போய்விட்டது. மறுநாளும் உலை வைத்தீர்கள். மறுநாளும் ஊர் வந்து உட்கார்ந்தது. மறுநாளும் அதே கதை. படத்தில் அந்தப் பந்தி கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். படமும் அப்படித்தான் போயிற்று. தென்கரையார் வீடு கைமாறி, நீங்களும் அக்காவும் வாடகை வீட்டுக்கு வந்தீர்கள். அது எல்லாம் எனக்குத் தெரியும். உங்கள் பெயர் தனியாகச் சென்னைக்குப் பஸ் ஏறிப் போனதுதான் தெரியாமல் இருந்துவிட்டது.

“என்னல, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?” என்றாள் அக்கா.

பொய் சொல்வது என்று முடிவுசெய்தேன். உங்களை இழந்தவளிடம் உங்கள் பெயர் வசவாகிவிட்டது என்று எந்த வாயால் சொல்வேன். “ஒண்ணுமில்லக்கா. தாராளமா விருந்து போடுதவங்களுக்கு அத்தான் பேர வச்சிருக்காங்க” என்றேன்.

“கேலியாவா?”

நான் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவள் போட்ட சோற்றில் சொதியைப் பிசைந்தேன்.

“கேலியாத்தான் இருக்கும்” என்றாள். “தென்கரைத்தனம்னு போட்டிருக்கானா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேப்பரில் இருந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் அதுவேதான். அந்தச் சொல் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“நான்தானல சொன்னேன். நீ காலேஜுக்குப் போயிட்ட பெறவு, மூணாம் நாளும் உலை வைக்கணும்னாக. கோவம் வந்துட்டு. டைரக்டர், கேமராக்காரன் அத்தன பேரும் நிக்காவ, அவுக முன்னாலயே, இந்தத் தென்கரைத்தனம் நம்மள எங்க கொண்டு விடப்போகுதோன்னு கத்திட்டேன். எல்லாவனும் சிரிச்சான். அதுக்குப் பெறவு லைட்டுக்காரன்லேர்ந்து அந்த வார்த்தையத்தான் சொல்லிட்டுத் திரிஞ்சானுவ.”

“அத்தான் என்ன சொன்னாங்க?”

“அவுகளும் சிரிச்சாக. பேரு நல்லாத்தான் இருக்கு, சோத்தப் போடுன்னாக.”

இதை எனக்கு ஏன் ஒருநாளும் சொல்லவில்லை, அத்தான்? யாரோ ஒரு எதிரியை மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்துக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தவள், ஒரு எழுத்து ஆங்கிலம் தெரியாமல், கையில் சொதிக்கரண்டியோடு என் முன்னால் நிற்கிறாள். ஆனால் அவள் திட்டியதில் நீங்கள் இருந்தீர்கள். அந்தப் பெரியவர் இருந்தார், அவர் கைச்சோறு இருந்தது. பேப்பர்க்காரன் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு பந்தியை விட்டுவிட்டான். அந்த ஆத்திரம் தாங்கவில்லை. அந்தப் பேப்பருக்கு இப்போதே எழுதுகிறேன் என்று, பாதிச் சோற்றில் கையை உதறிக்கொண்டு எழுந்தேன்.

அக்கா கரண்டியை என் தோளுக்கு நேராக நீட்டினாள்.

“உக்காருல. பந்தியில பாதியில எழுந்திரிக்கக்கூடாது.”

குரல் அவளுடையது. சொன்னது நீங்கள். உட்கார்ந்தேன். அவள் இன்னும் ஒரு கரண்டி சொதி ஊற்றினாள். கடைசிப் பருக்கை தீரும்வரை நான் எழுந்திருக்கவில்லை, அத்தான்.