மாடு உரசும் கல்

பிரெசெலி மலையடிவாரம், வேல்ஸ்
2 பிப்ரவரி 1986

அன்புள்ள கெத்தின் அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். போன மூன்று கடிதங்களுக்கு நீ பதில் போடாததையும் சேர்த்துத்தான். நியூசிலாந்தில் ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவர்களுக்குப் பேனா பிடிக்கக் கை ஒழியாதோ என்னவோ.

அப்பா உனக்கு வீடு கட்டக் கீழ்வயலில் இடம் பார்த்துவிட்டார். அங்கே நிற்கும் நெடுங்கல்தான் சிக்கல். மேட்டிலுள்ள கல்வட்டத்தைப் போல இதுவும் பழங்காலத்தது என்றால் பக்கத்தில் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாதாம். தொல்லியல் அலுவலகத்திலிருந்து ப்ரோபர்ட் அம்மையார் வந்திருந்தார்.

"மாடு முதுகு சொறிஞ்சுக்க எங்க தாத்தா நட்ட கல்லும்மா இது," என்றார் அப்பா.

"எல்லா விவசாயியும் இதையேதான் சொல்றாங்க, பெவன். உங்க தாத்தாங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

மாதக் கடைசியில் வந்து முடிவு சொல்வாராம்.

நேற்று பள்ளிக் கட்டுரைக்காகக் கல்லை அளக்கப் போனேன். அடியில் புல்லை விலக்கினால், விளிம்பில் அரைக்குழாய் போல நேரான ஒரு தடம். குவாரியில் இரும்பால் துளைபோட்டுப் பிளந்த தடம் அது. கல்வட்டம் நட்டவர்களிடம் இரும்பே கிடையாது. அப்பா சொன்னதுதான் சரி. உனக்கு வீடு உண்டு. முதலில் உனக்குத்தான் சொல்கிறேன்.

எப்போது வருகிறாய்?

உன் தங்கை,
ஹெலெத்

நியூசிலாந்து
14 பிப்ரவரி 1986

ஹெலெத் குட்டிக்கு,

அந்தப் புல்லை இருந்தபடியே மூடிவிடு. யாரிடமும் சொல்லாதே.

நான் திரும்பி வரப்போவதில்லை. இங்கே ஒரு பண்ணையில் பங்கு பேசி முடித்தாகிவிட்டது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் உனக்கும் எழுதவில்லை. கல் பழையது என்று முடிவானால் வீட்டுப் பேச்சு தானாக நின்றுபோகும். அவரும் அரசாங்கத்தைத் திட்டிவிட்டு ஆறிவிடுவார். இந்த ஒரு உதவி மட்டும் செய்.

அன்புடன்,
கெத்தின்

பிரெசெலி மலையடிவாரம்
27 பிப்ரவரி 1986

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. புல்லை மூடத்தான் போனேன். பாதிக்கு மேல் கை வரவில்லை. நேற்று ப்ரோபர்ட் அம்மையாரிடம் காட்டிவிட்டேன். மண்டியிட்டுத் தடவிப் பார்த்தார்.

"மாட்டுக் கல்லுதான், பெவன். நீங்க ஜெயிச்சிட்டீங்க."

"நான் எங்க ஜெயிச்சேன், எம்பொண்ணுல்ல ஜெயிச்சா," என்று அப்பா என் தலையைத் தட்டினார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

கல்லைப் பற்றி நான் சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி நீதான் சொல்ல வேண்டும்.

இன்று ராத்திரி அப்பா உனக்குப் போன் போட்டார். அங்கே விடிந்திருக்கும். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்கலையாப்பா?"

"வேலைக்குக் கிளம்பியிருப்பான்."

மறுபடியும் போட்டார். பிறகு வைத்துவிட்டு, "உனக்கு ஏதாச்சும் எழுதினானா?" என்று கேட்டார்.

"எழுதினான்."

"எப்ப வர்றானாம்?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, போய்ப் படு," என்றார்.

மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கீழே விளக்கை அணைத்துவிட்டார்.

ஹெலெத்