குறுக்காகப் போகும் யானை

செப். 9, செவ்வாய்
காலையிலேயே மழை. துணி காயவில்லை.
சுடோக்கு அனுப்பியாயிற்று, சென்னைப் புதிர்க் குழுவுக்கு. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு கட்டியது. அவர்கள் புத்தகத்தில் வந்தால், என் பெயரோடு அச்சில் வரும் முதல் புதிர்.
விதிகள், மறுபடி ஒரு தடவை:
– வழக்கமான சுடோக்கு.
– கட்டத்துக்கு வெளியே உள்ள எண்: அந்த வரிசையில் 1க்கும் 9க்கும் நடுவே இருப்பவற்றின் கூட்டல்.
– ஒவ்வொரு 9உம் சதுரங்க யானை. யானையை யானை வெட்டக் கூடாது.

செப். 10, புதன்
குழுவை நடத்தும் ரங்கநாதன் சாரின் குரல் செய்தி. "நிறைய விடை வருதும்மா. யானை விதியே வேஸ்ட். நேர்கோட்டுல ஒன்பது ரெண்டு தடவை வராதுன்னு சுடோக்குவுலயே இருக்கே. அடிப்படை தெரியாம புதிர் கட்டலாமா?"
நேர்கோடா? யானை எங்கே நேராகப் போகிறது? அடிப்படை தெரியாதாம், எனக்கு!

செப். 11, வியாழன்
வெயில். ஃபேக்டரியில் என் லைனில் வேலை செய்யும் பரமேஸிடம் கொடுத்தேன். பள்ளியில் சதுரங்கம் ஆடியவன். கேன்டீனிலேயே போட்டு முடித்தான். ஒரே விடை.
"காஜா மூலைக்கு மூலை, குறுக்கதானேக்கா போவும். இதுல என்ன குழப்பம் லா?"
அப்போதுதான் உறைத்தது. பினாங்கில் நாங்கள் ஆட்டம் கற்றது மலாயில். குறுக்காகப் போவது காஜா, மலாயில் யானை. அதை அப்படியே யானை என்று எழுதிவிட்டேன். தேடிப் பார்த்தால், சென்னையில் யானை நேராகப் போகும், குறுக்கே போவது மந்திரி. நாற்பத்தொரு வயதில் இது தெரிகிறது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

செப். 12, வெள்ளி
சாருக்கு விளக்கி எழுதினேன். பதில்: "யானைங்கறது தப்புத் தமிழ்மா. பிழைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, மந்திரின்னு மாத்திப் போட்டுடறேன். நாளைக்குள்ள."
தப்புத் தமிழா? வந்ததே கோபம். இந்தத் தமிழில்தான் பேரம் பேசுகிறேன், பிள்ளைகளைத் திட்டுகிறேன், கணக்குப் போடுகிறேன்.
பரமேஸ்: "எழுதிக் குடுத்துட்டுப் போங்கக்கா. பேரு வரும்ல?"
பேர் வேண்டும்தான். ரொம்பவே வேண்டும்.

செப். 13, சனி
ஜெலுத்தோங் பசாரில் மீனுக்கு நின்றபடியே தட்டினேன்: "பிழை என்று எழுத மாட்டேன் சார். விதிக்குக் கீழே 'பினாங்கில் யானை குறுக்காகப் போகும்' என்று போடுங்கள்."
வீடு வருவதற்குள் பதில். "அப்ப இந்தத் தடவை சேர்க்க முடியாதும்மா."
வலித்தது. கொஞ்ச நேரம் மீனைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தேன்.
பிறகு நகல் கடைக்குப் போய்ப் புதிரை இருபது பிரதி எடுத்தேன். திங்களன்று கேன்டீன் பலகையில் ஒன்றை ஒட்டி, மற்றதை மேசைகளில் வைக்கிறேன். யானை யானையாகவே. மேலே என் பெயர், பெரிய எழுத்தில்.