அழியாத மஞ்சள் கோடு

பாப்பாவின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் இந்த முறை எனக்கு உண்மையான பதில் வேண்டும். அங்கே ஃபோன் என் அண்ணன் அறையில் இருக்கிறது, நீங்கள் பேசுவதை அவனும் கேட்பான். அதனால்தான் கருவிப் பெட்டிக்குள் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன்.

பாப்பாவின் காதுவலி கொஞ்சம் தேவலை. ஆபரேஷனுக்கு டாக்டர் இருபதாம் தேதி என்று நாள் குறித்தார். உங்கள் லீவோ இருபத்து நான்கில்தான் தொடங்குகிறது. ஆனால் கிணறு சீக்கிரம் முடிகிறது, இருபதாம் தேதியே வந்துவிடுவேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். படித்ததும் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான், அது எப்படிச் சீக்கிரம் முடியும் என்று யோசித்தேன்.

திங்கட்கிழமை உங்கள் எண்ணெய்க் கிணற்றிலிருந்து கருவிகள் எங்கள் பட்டறைக்கு வந்தன. துளைக்கும் குழாயோடு கீழே போகும் அளவுக் கருவியை நான்தான் திறந்தேன். ஒரு திருகாணிகூட இருந்த இடத்தில் இல்லை. சர்க்யூட் பலகை இரண்டாகப் பிளந்திருந்தது. கூட வந்த தாளில் 'அதிர்வு இல்லை' என்று எழுதியிருக்கிறது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்குப் புத்தி எங்கே போனது?

அதிர்வைக் குறைக்கத்தானே அந்தத் தாங்கியை அனுப்பினோம்? பூட்டி முடித்ததும் மூட்டின் குறுக்கே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போடுவது என் வழக்கம். பாறைக்குள் ஒரு நாள் சுற்றினாலே பெயிண்ட் தேய்ந்துவிடும். கருவிகளோடு திரும்பி வந்த தாங்கி தொண்ணூறு மணி நேரம் ஓடியதாம். கோடு நான் போட்டபடியே பளிச்சென்று இருக்கிறது. அதை மாட்டவே இல்லை.

முதலில் அண்ணனைத்தான் சந்தேகப்பட்டேன். உங்களுக்கு மேலதிகாரி, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டாற்போல் பறக்கிறவன். ஃபோன் செய்து கேட்டேன். உன் வீட்டுக்காரரையே கேள் என்றான். அப்புறம் தாளைத் திருப்பிப் பார்த்தேன். கீழே இருப்பது உங்கள் கையெழுத்து.

தாங்கியை மாட்ட வேண்டுமானால் குழாய் முழுவதையும் மேலே எடுக்க வேண்டும், பிறகும் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், நாலு நாள் கூடும் என்று நீங்களே ஒரு தடவை சொல்லியிருக்கிறீர்கள். இருபதுக்கும் இருபத்து நான்குக்கும் நடுவில் எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாதா? இந்த முறையும் வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று எழுதியவளும் நான்தான். இந்தக் கருவியை உடைத்த அதே ஆட்டம் நாளைக்குக் குழாயையும் முறிக்கும். அப்போது பக்கத்தில் நிற்பது நீங்களும் உங்களோடு வேலை செய்யும் ஐந்து பேரும்.

வியாழக்கிழமை என் அறிக்கையைக் கொடுக்க வேண்டும். கண்டதைத்தான் எழுதுவேன், புருஷன் என்று பார்க்க மாட்டேன். அதற்கு முன்னால் நீங்களே வாயைத் திறந்து சொல்லி, துளைப்பதை நிறுத்துங்கள்.

இன்று டாக்டரைப் பார்த்து ஆபரேஷனை இருபத்தைந்தாம் தேதிக்கு மாற்றிவிட்டேன். ஐந்து நாளில் ஒன்றும் ஆகிவிடாது என்றார். அப்பா வந்த பிறகுதான் என்று பாப்பாவிடம் சொன்னேன். நிஜமாகவா என்று மூன்று தடவை கேட்டாள்.

தாங்கியும் இதே பெட்டியில் வருகிறது. கோட்டைத் துடைக்காமல் அனுப்புகிறேன். அது தேய்ந்து வரட்டும். நீங்கள் மெதுவாகவே வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராமல் உங்களுக்காகக் காத்திருக்கும்
பாப்பாவின் அம்மா