கடைசிப் பதினாறு பக்கங்கள்

திங்கட்கிழமை

என் பிரியமான அவசரக்குடுக்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழி? போனில் கேட்டால், "இரு, ஒரு மீட்டிங், அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. கடிதத்தைப் பாதியில் வெட்ட முடியாது பார், அதனால்தான் இது.

உன் நாடக மேடையின் படங்களை எங்கள் பத்திரிகையில் போட்டோம். நாலு கயிறும் ஒரு கதவும் வைத்து ஒரு ஊரையே காட்டியிருக்கிறாய். பக்கம் வடிவமைத்தது நான்தான். உன் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கோடை இதழுக்காகக் கலைஞர்களும் வடிவமைப்பாளர்களும் விடுமுறையில் படிக்க ஆளுக்கொரு புத்தகம் சொல்கிறார்கள். இதுவரை வந்ததைக் கேட்டால் சிரிப்பாய். குயவர் ஒருவர் சமையல் புத்தகம் சொல்லியிருக்கிறார், அதில் சாப்பாட்டைவிடப் பாத்திரங்கள் அழகாம். கட்டடக் கலைஞர் துப்பறியும் நாவல் சொல்லியிருக்கிறார், கொலை நடந்த வீட்டின் வரைபடம் தப்பு என்று மூன்று பத்தி எழுதியிருக்கிறார். பன்னிரண்டாவது ஆள் கிடைக்காமல் ஆசிரியர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நான்தான் உன் பெயரைச் சொன்னேன். எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவள், ஆனாலும் நன்றாக எழுதுவாள் என்றேன். என் மானத்தைக் காப்பாற்று. நூற்றைம்பது சொல் போதும்.

அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். தம்பியின் அறையை இந்த வாரம்தான் ஒழித்தோம். அவன் போய் மூன்று வருஷமாகியும் யாருக்கும் அந்தக் கதவைத் திறக்கக் கை வரவில்லை. தூரிகைகள், மைப்புட்டிகள், அவன் வரைந்து பார்த்த எழுத்துகள் எல்லாம் கிடைத்தன. அந்தப் பாலம் கட்டும் மேஸ்திரி நாவல் மட்டும் இருந்திருந்தால் என்று அம்மா ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு ஓரமெல்லாம் பென்சிலால் கிறுக்கி, நீ வேலைக்குப் புறப்பட்ட அன்று உன் கையில் கொடுத்தானே, அதுதான். வீடு மாறும்போது பெட்டியோடு தொலைந்துவிட்டது, அவள் என்னம்மா செய்வாள் பாவம் என்று நான்தான் அடக்கினேன். நீ இன்னும் அதையே நினைத்து வருந்திக்கொண்டிருக்காதே.

வேளைக்குச் சாப்பிடு. எழுதி அனுப்பு.

உன் பழைய ஸ்டுடியோ தோழி,
பசைக்கை

*

வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய மேடை வடிவமைப்பாளர் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய நூற்று நாற்பத்தெட்டுச் சொற்கள் கிடைத்தன.

இந்த மரியாதை எனக்கு வரவில்லை. நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் நான் அதைப் படிக்கவே இல்லை. எங்கள் வேலை உனக்குத் தெரியும், எழுத்து எங்களுக்கு நீள அகலம்தான். உன் பத்தியைப் பக்கத்தில் வைத்தேன், இரண்டு வரி மிஞ்சியது. எந்த வரியை இழுத்துச் சுருக்கலாம் என்று பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. "போனவர்கள் இப்படித்தான் திரும்பி வர வேண்டும். ஒரு விளக்கமும் சொல்லாமல், செருப்பைக் கழற்றிவிட்டு, கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார வேண்டும்." ஏதோ ஒரு கோடையில், ரயிலில் ஜன்னலோரம் தனியாக இருந்தபோது உனக்குத் தோன்றியது என்று எழுதியிருக்கிறாய்.

அது தம்பி எழுதியது. அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், கீழ் ஓரத்தில், 'ழ'வுக்கு மட்டும் வாலை நீட்டி எழுதினான். பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்தவள் நான்.

அப்போது எங்கள் மெய்ப்புத் திருத்தும் கண்ணாடி அக்கா தாளோடு வந்தார். "ஏம்மா, அந்த மேஸ்திரி கடைசில வேற ஊர்லயே செத்துப்போயிடுவானே? வீட்டுக்குத் திரும்பி வர்றான்னு எழுதியிருக்காங்களே, உன் ஃப்ரெண்டு எந்தப் புத்தகத்தைப் படிச்சாங்க?" என்று கேட்டார்.

எந்தப் புத்தகம் என்று எனக்குத் தெரியும். உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் அப்படி முடியும். அந்தப் பிரதியை பைண்டிங் செய்தவர்கள் கடைசிப் பதினாறு பக்கங்களை விட்டுவிட்டு, அந்த இடத்தில் பதினேழிலிருந்து முப்பத்திரண்டு வரையிலான பக்கங்களை இன்னொரு முறை வைத்துத் தைத்துவிட்டார்கள். மேஸ்திரி மனைவியை விட்டுவிட்டுப் படகு ஏறுகிறான். பக்கத்தைத் திருப்பினால், முதல் அத்தியாயத்தில் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற அதே காட்சி. செருப்பைக் கழற்றுகிறான், கை கழுவுகிறான், சாப்பிட உட்காருகிறான். தம்பிக்கு நான் வாசித்துக் காட்டியபோது இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கடைக்குப் போய் மாற்றி வருகிறேன் என்றேன். அவன் விடவில்லை. "இதுதாங்க்கா சரியான முடிவு. அவகிட்ட சொல்லிடாத, படிச்சு அவளே கண்டுபிடிக்கட்டும்" என்றான்.

நீ கண்டுபிடிக்கவில்லை. முதல் அத்தியாயத்தைப் படித்திருந்தால் முடிவைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். வழக்கம்போலக் கடைசியைப் புரட்டியிருக்கிறாய், அவன் எழுதியதை எடுத்துக்கொண்டிருக்கிறாய், மூடி வைத்துவிட்டாய். அவன் உனக்கென்று கொடுத்த ஒரே புத்தகம், அதைக்கூட நீ படிக்கவில்லை.

அது தொலையவும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் இறந்த மாதம், அந்தப் புத்தகம் வேண்டும் என்று உனக்கு எழுதினேன். தொலைந்துவிட்டது, மன்னித்துவிடு என்று நீ நாலு பக்கம் அழுது எழுதினாய். நான் உனக்கு ஆறுதல் சொன்னேன். என் தம்பி செத்துக் கிடக்க, நான் உன்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். இதைவிட ஒரு முட்டாளை நீ எங்கே தேடுவாய்?

நீ விட்டுவிட்டுப் போனதை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னவள்தான் நீ. அவன் படுத்த பிறகு அந்த வேலை வந்தது. ஆறே மாதத்தில் வந்துவிடுகிறேன் என்றாய். பயந்துவிட்டாள், சின்னப் பெண்தானே என்று நானே வீட்டில் உனக்காகப் பேசினேன். அந்த வரி யாருக்கு எழுதப்பட்டது என்று உனக்குப் புரியாமல் இருந்திருக்காது. உன்னை வரச் சொல்லி எழுதியதை எடுத்து, விடுமுறைக்கு என்ன படிக்கலாம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டாய்.

கண்ணாடி அக்காவிடமும் ஆசிரியரிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அந்தப் பத்தியில் ஒரே ஒரு வரி சேர்த்து அனுப்பு, இது இன்னார் எழுதியது என்று. பெயர் போட மனமில்லையென்றால் தடியன் என்று போடு. ஒல்லிக்குச்சியாக இருந்தவனுக்கு நீ வைத்த பெயர்தானே. புத்தகத்தையும் அனுப்பு.

இப்படிக்கு,
பக்க வடிவமைப்பாளர்

*

ஞாயிற்றுக்கிழமை

அவசரக்குடுக்கைக்கு,

உன் பதில் எனக்கு வரவில்லை, ஆசிரியருக்குத்தான் வந்தது. ஞாபகப் பிசகால் வேறு ஏதோ நாவலோடு குழப்பிக்கொண்டேன், இதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நாற்காலிகளைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றுக்கு நூற்றைம்பது சொல் எழுதியிருக்கிறாய். ஒரு சொல்கூடக் கூடவில்லை, குறையவில்லை. முதலில் அவனை எடுத்துக்கொண்டாய், பிறகு வேண்டாம் என்று துடைத்துப் போட்டுவிட்டாய்.

ஆசிரியர் தாளை என் மேஜையில் வைத்து, "உங்க இஷ்டம்மா. போடலாமா, தூக்கிடலாமா?" என்று கேட்டார். போடலாம் என்றேன். அது நன்றாகத்தான் எழுதப்பட்டிருந்தது.

போன வாரம் அச்சுக்குப் போன இதழ் நேற்று வந்துவிட்டது. உனக்கும் ஒரு பிரதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நாற்பதாம் பக்கத்தில் உன் நாற்காலிகள் இருக்கின்றன, பெயர் மற்றவர்கள் அளவில்தான். அதற்கு முன்னால் முப்பத்திரண்டாம் பக்கத்தைப் பார், பகுதி தொடங்குகிற பக்கம். அங்கே படம் போடுவதாக இருந்தது. போடவில்லை. அவன் அறையில் கிடைத்த எழுத்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த வரியை அவன் கையெழுத்திலேயே வரைந்தேன். 'ழ'வின் வாலுக்கு மட்டும் இரண்டு நாள் ஆனது. எழுதியவர் தடியன் என்று கீழே சின்னதாக இருக்கிறது. கண்ணாடி அக்கா திருத்த ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மா அந்தப் பக்கத்தைப் பிரித்தபடியே வைத்திருக்கிறாள். புத்தகம் உன்னிடம்தான் இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அப்ப பத்திரமா இருக்குன்னு சொல்லு" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

உன் மேல் இருக்கிற கோபம் தீரவில்லை, தீரும் என்று பொய் சொல்லவும் மாட்டேன். பத்து வருஷத்துத் தோழியை ஒரு பத்தியில் தொலைத்துவிட்டேன். அதற்கு யாரிடம் போய் அழுவது என்று யோசித்தால், முதலில் உன் முகம்தான் வந்து தொலைக்கிறது.

நீ வர வேண்டும் என்று நான் எழுதவில்லை. அதை எழுதியவன் அவன். எனக்குப் புத்தகம் மட்டும் போதும். விளக்கம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு முறை முதல் பக்கத்திலிருந்து படி. பென்சிலை மட்டும் அழித்துவிடாதே.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு. மனதாரத்தான் சொல்கிறேன், பழக்கதோஷம்.

தபால் வருகிற நேரத்துக்கு அம்மா தினமும் வாசல் கதவைத் திறந்து வைக்கிறாள். புத்தகம் தொலைந்துவிட்டது என்று அவளிடம் சொன்னது நான். தொலையவில்லை, வந்துவிடும் என்று சொன்னதும் நான்தான். இரண்டாவது தடவையும் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

பசைக்கை